நீலக்கட்டியைக் குப்பைக்குழியில் புதைத்தவனுக்கு

உன் கல்யாணத்தன்று காலையில், நான் தருமபுரி ரயிலடிக்கு உன் பெரிய மாமாவை அழைத்துவரப் போயிருந்த நேரம் பார்த்து, பாலைத் திரித்து நான் செய்து வைத்திருந்த நீலக்கட்டிகளைக் கூடையோடு தூக்கிக்கொண்டு போய்க் குப்பைக்குழியில் போட்டு மண்ணைத் தள்ளி மூடினாய். அது தவறு. சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. அதனால் முதலிலேயே எழுதிவிட்டேன். இப்போது மாரண்டஹள்ளியிலிருந்து வண்டிக்காரனிடம் ஒரு சேதியும் சொல்லி அனுப்பியிருக்கிறாய். அந்தப் பூசணப் பண்டம் இனி நம் வீட்டில் செய்யப்படாது என்று நான் வாக்குக் கொடுத்தால்தான் மனைவியை அழைத்துக்கொண்டு வருவாயாம். இல்லாவிட்டால் மாமனார் வீட்டிலேயே தங்கி அவருடைய காய்கறி வியாபாரத்தைப் பார்த்துக்கொள்வாயாம். வண்டிக்காரன் அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, மாட்டைப் பார்த்துச் சொன்னான். ஒரே பிள்ளையைப் பெற்ற எனக்கும் உன் அம்மாவுக்கும் இது சின்னச் சேதி இல்லை என்று அவனுக்கே தெரிந்திருக்கிறது.

இந்தக் கடிதத்தை நீ ஒதுங்கி நின்று தனியாகப் படிக்க வேண்டாம். உன் மாமனார், மாமியார், அண்டை வீட்டார் எல்லாரும் இருக்கும்போது சத்தமாகப் படி. இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. நான் பள்ளிக்கூடம் போகாதவன். மைல்கல்லையும் திருவிழா நோட்டீசையும் பார்த்துத் தானாகக் கற்ற எழுத்து இது. எங்காவது பிழை இருந்தால் சிரித்துக்கொள்ளட்டும். மகனுக்குக் கடிதம் எழுதுகிற தகப்பன் தன் தவறுகளை ஒப்புக்கொள்வது வழக்கம் என்கிறார்கள். என் தவறுகள் பல உண்டு. ஆனால் இந்த விஷயத்தில் ஒன்றும் இல்லை. ஆகையால் ஒப்புக்கொள்ளப் போவதும் இல்லை.

நீ புதைத்தது என்ன என்று உனக்குத் தெரியாது. அது உன் குற்றம் முழுவதும் இல்லை. அந்த வருஷங்களில் நீ சேலத்தில் படித்துக்கொண்டிருந்தாய். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். வத்தல்மலை அடிவாரத்தில் விறகு வெட்டுவதற்காக இத்தாலிக் கைதிகள் சிலரைச் சிப்பாய்க் காவலோடு கொண்டுவந்து கூடாரம் போட்டிருந்தார்கள். அவர்களுக்குப் பால் நம் மாட்டுக் கொட்டாயிலிருந்துதான் போயிற்று. பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு காலையும் மாலையும் வந்தவர் பெயர் பியேத்ரோ. உன் அம்மாவுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையாமல் பேதுரு ஆகி, பிறகு பேத்ரனாக நிலைத்தது. கூட ஒரு சிப்பாய் துப்பாக்கியோடு வருவான். வந்த நாலாம் நாளே துப்பாக்கியை வைக்கோற்போரில் சாய்த்துவிட்டு நம் புளியமரத்தடியில் தூங்க ஆரம்பித்துவிட்டான். பேத்ரன் எங்கும் ஓடவில்லை. அவருக்கு மாடுகளைப் பார்த்தால் போதும்.

அவர் தமிழைக் கற்றது நம் மேய்ப்பன் மாதுவிடம். மாது மனிதர்களோடு அதிகம் பேசுகிறவன் இல்லை, மாட்டோடுதான் பேசுவான். ஆகவே பேத்ரனுக்கு வந்த தமிழும் மாட்டுத் தமிழ்தான். ஒரு நாள் நான் அவசரமாக வெளியே கிளம்பினேன். என்னை ஏதோ கேட்க வேண்டும் என்று அவர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே வந்து மிக்க மரியாதையோடு, "ஓ... ஓ... நில்லு ராசா, கால மாத்தி வெய்யி" என்றார். உன் அம்மா தண்ணீர்க் குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "நில்லுங்களேன், நல்லாத்தான கேக்குறாரு" என்றாள். அதன் பிறகு நான் கோபமாகக் கிளம்பும்போதெல்லாம் அவளும் அப்படியே சொல்லத் தொடங்கினாள்.

மழைக்காலம் முடிந்து, மலைக்காட்டில் பட்டி போட்டிருந்த நம் மாடுகள் கீழே இறங்கிய அன்று பேத்ரன் நம் வாசலில் இருந்தார். சரிவில் நடந்து நடந்து களைத்து, மடி கனத்து, தலையைத் தொங்கவிட்டுக்கொண்டு மாடுகள் வரிசையாக வந்தன. அவர் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கையாலும் மாட்டுத் தமிழாலும் எங்களுக்கு விளக்கினார். அவருடைய ஊரும் மலையடிவாரம்தான். அங்கேயும் கோடை முழுவதும் மாடுகள் மேலே மேயும். குளிர் தொடங்கும் முன் கீழே இறங்கும். வழியில் களைத்துத் தங்குகிற இடத்தில் கறக்கும் பாலைத் திரித்துக் கட்டியாக்கி, குகையில் வைத்து, உள்ளே நீலம் பூக்க விடுவார்கள். அது அவர் ஊர் ஆகாரம். வேறு பக்கத்தில் அப்படி வராது என்று அவர் அதுவரை நம்பியிருந்தாராம். களைத்த மாடும் மலையும் இங்கேயும் இருப்பதைப் பார்த்ததும் அந்த நம்பிக்கை அவருக்குப் போய்விட்டது. இரண்டு கடல் தாண்டிக் கைதியாக வந்து கிடக்கிற ஒருவன், தன் வீட்டை நினைத்து அழுவதற்குப் பதிலாகத் தன் வீட்டு ஆகாரத்தை இங்கே செய்து பார்க்கலாமா என்று கேட்டான் பார், அந்த இடத்தில்தான் எனக்கு அந்த மனிதன்மேல் மதிப்பு வந்தது.

உன் அம்மா ஒரே வார்த்தையில் மறுத்தாள். "நல்ல பாலத் திரிக்கிறதாவது! வூட்டுக்கு ஆவாதுங்க." அவள் மறுத்ததற்குக் காரணம் இருந்தது. நீ கைக்குழந்தையாக இருந்தபோது, ஊரெல்லாம் வறட்சியாக இருந்த கோடையில், ஒரு நாள் காலை அடுப்பில் பால் திரிந்துபோயிற்று. அன்று சாயங்காலம் என் தம்பி அம்மையில் போனான். அன்றிலிருந்து அடுப்பில் பால் இருக்கும்வரை அவள் இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டாள். அது உனக்கும் தெரியும். பேத்ரன் அதை அறியாமல், உறை எதனால் ஊற்றுவது என்று காட்டுவதற்காக, நம் கன்றுக்குட்டியிடம் போய் அதன் வயிற்றைத் தொட்டுத் தொட்டுக் காண்பித்தார். உன் அம்மா கன்றுக்கு வயிற்றுவலி என்று நினைத்துக்கொண்டு ஓம நீர் காய்ச்சி எடுத்துவந்து அதன் வாயில் ஊற்றினாள். பேத்ரன் தலையில் அடித்துக்கொண்டு, வயிற்றை அறுத்து எடுப்பது போல் கையால் செய்து காட்டினார். அவர் ஊரில் பாலைத் திரிக்கிற உறை கன்றின் இரைப்பையிலிருந்துதான் வருகிறது என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. "கன்னுக்குட்டி வவுத்தயா? எம் பட்டியில இனி அடி வெக்காத!" என்று ஓம நீர்ப் பாத்திரத்தோடு துரத்தினாள். தூங்கிக்கொண்டிருந்த சிப்பாய் எழுந்து, கைதி தப்பி ஓடுகிறான் என்று அவனும் துரத்தினான்.

மறுநாள் மாலை பேத்ரன் வந்தார். கன்றின் பக்கமே போகவில்லை. கிணற்றோரத்து அத்திமரத்தில் ஒரு பிஞ்சைக் கிள்ளி, அதிலிருந்து சொட்டிய பாலைக் காட்டிவிட்டுத் தலைகுனிந்து நின்றார். உன் அம்மா அதை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி அவள் சொன்னதை நான் இன்றுவரை பார்க்கிறவரிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்படுகிறேன். "தானாத் திரிஞ்சாத்தானுங்க கெட்ட சகுனம். நாமளா திரிச்சா அது வேலை. போயி அந்தப் பெரிய சட்டியக் கொண்டாங்க." தன் கொழுந்தனைப் பறிகொடுத்த பயத்தை மனத்தில் வைத்துக்கொண்டே அவள் அதைச் சொன்னாள். உன் மாமனார் வீட்டில் இந்த வரியைக் கொஞ்சம் நிறுத்திப் படி.

அதைச் செய்கிற விதத்தையும் நீ தெரிந்துகொள். மாலைப் பாலை இளஞ்சூடாக்கி அத்திப்பால் விட்டுத் திரித்து, துணியில் கட்டித் தொங்கவிட வேண்டும். விடிவதற்குள் அது வடிந்து ஆறி இறுகிவிடும். காலைப் பாலையும் அப்படியே திரித்துக்கொள்ள வேண்டும். அது சூடாகவும் இளகியும் இருக்கும். மூங்கில் கூடையில் அடியிலும் ஓரத்திலும் மேலேயும் காலைத் திரட்டு, நடுவில் மாலைத் திரட்டு. சூடானதும் ஆறியதும் ஒன்றோடொன்று முழுதாக ஒட்டுவதில்லை. நம்மவர்கள் எந்தப் பண்டத்தையும் ஒட்டாமல் விட்டால் கை சரியில்லை என்பார்கள். இதில் ஒட்டாமல் இருப்பதுதான் கைத்திறம். ஒட்டாத இடத்தில் சந்து விழுகிறது; அந்தச் சந்தில்தான் நீலம் ஓடுகிறது. பிறகு வெளியே உப்பைத் தேய்த்துத் தேய்த்துத் திருப்பிப் போட்டு, குளிர்ந்த இடத்துக்குக் கொண்டுபோய், சில வாரம் கழித்துக் கோணூசியால் சுற்றிலும் குத்த வேண்டும். சாக்குத் தைக்கிற அதே கோணூசிதான். காற்று போகிற வழியெல்லாம் நீலம் பின்னால் போகும்.

குளிர்ந்த இடத்துக்கு வத்தல்மலை சடையனிடம் போனேன். சாமையும் ராகியும் விதைக்கிற மலைக்காரன், உனக்குத் தெரிந்தவன்தான். பாறைக்குள் அவன் விதைத்தானியம் வைக்கிற பொடவு ஒன்று இருக்கிறது. சித்திரையிலும் உள்ளே நுழைந்தால் முதுகு சிலிர்க்கும். "பொடவுல சாமியும் இல்ல, பேயும் இல்லண்ணா. வெறுங்குளிருதான். வெச்சுக்க. ஆனா எனக்கும் ஒரு பங்கு" என்றான். அது என்ன பண்டம் என்று கூட அவன் கேட்கவில்லை. நான் நம்பி வைக்கிற பொருள் என்றால் அவனுக்குப் போதும். பேத்ரன் தமக்குக் கூடாரத்தில் கொடுத்த ரொட்டியை மிச்சம்பிடித்து அந்தப் பொடவுக்குக் கொடுத்தனுப்பினார். அது பூத்து வந்தபோது கறுப்பையும் சிவப்பையும் ஒதுக்கித் தள்ளிவிட்டு, நீலமாகப் பூத்த துணுக்கை மட்டும் எடுத்து மோந்து பார்த்துப் பாலில் சேர்த்தார். அந்த நீலம் நம் மலையுடையது. அவர் கொண்டுவந்தது இல்லை. அந்நியப் பண்டம் என்று உன் மாமனார் சொன்னாரே, அதற்கு இதுதான் பதில்.

முதல் ஈடு வீணாயிற்று. அது நம் வீட்டில் மட்டுமே நடக்கக்கூடிய தவறு. வாரம் ஒருமுறை உன் அம்மா மாதுவைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போய்க் கட்டிகளைத் திருப்பிப் போட்டு வருவாள். கட்டிமேல் பூசணம் படர்வதைப் பார்த்ததும் அவளுக்குக் கை நிற்கவில்லை. யாரிடமும் சொல்லாமல் மஞ்சளை அரைத்துக்கொண்டு போய் ஒவ்வொரு தடவையும் எல்லாவற்றையும் மஞ்சள் நீரில் துடைத்து வைத்துவிட்டு வந்திருக்கிறாள். பொடவுக்குப் போக பேத்ரனுக்கு அனுமதி இல்லை. கடைசியில் கட்டியைக் கீழே கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தால், திருவிழாவுக்குக் குளித்துவிட்டு வந்த அம்மனைப் போல் தங்க நிறத்தில் பளபளவென்று இருந்தது. வெட்டினால் உள்ளே ஒரு நூல் நீலம் கிடையாது. அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு உன் அம்மாவைப் பார்த்தார். அவள், "அழுக்கா இருந்துச்சு, தொடச்சேன். அழுக்காவா வூட்டுக்குக் கொண்டாருவாங்க?" என்று கேட்டாள். ஒரு நிமிஷம் அவர் கண் கலங்கிற்று. அடுத்த நிமிஷம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த மஞ்சள் கட்டியையும் வீணாக்காமல் நாங்கள் உப்புக்கண்டம் மாதிரி சுட்டுத் தின்றோம்.

இரண்டாம் ஈட்டை வெட்டியது நம் வாசலில். கட்டியின் மேல்தோல் பாறை நிறத்தில் சொரசொரவென்று, பார்க்கச் சகிக்காமல்தான் இருந்தது. பேத்ரன் நூலால் அறுத்துப் பிளந்தார். உள்ளே வெண்ணெய் நிறம். அதில் அவுரிச் சாயத்தில் தோய்த்த நூலை யாரோ அள்ளிப் போட்டது போல நீலமும் பச்சையுமாக ஓடியிருந்தது. கத்தியில் எடுத்தால் இளகி வழிந்தது. மணம் பழுத்த பலாவும் நனைந்த பாறையும் சேர்ந்த மாதிரி. நான் வாயில் போட்டேன். முதலில் உப்பு. பிறகு மிளகில்லாத ஒரு காரம். அதற்குப் பின்னால் பாலின் இனிப்பு மெதுவாக வந்து நாக்கிலேயே உட்கார்ந்துகொண்டது. நான் காவிரியைப் பார்த்திருக்கிறேன், பெங்களூர்க் கடைவீதியைப் பார்த்திருக்கிறேன். நம் மாடு தின்ற புல்லுக்குள் இப்படி ஒன்று இருந்திருக்கிறது என்பதுதான் என்னை ஆச்சரியப்படுத்தியது. உன் அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு, சூடான களியில் குழி செய்து அதில் ஒரு துண்டை வைத்தாள். அது உருகிக் குழம்பாகிவிட்டது. தொட்டுத் தின்றுவிட்டுச் சொன்னாள்: "நாத்தம் மூக்கோட நின்னுடுதுங்க. வாய்க்கு வரல. கருவாடு இல்லாத நாளுக்கு இது போதும்." தட்டைத் துடைத்து இன்னொரு துண்டு வாங்கினாள். சடையன் தன் பங்கைத் தின்றுவிட்டு, "பொடவு என்னுது, பாலு உன்னுது, கை வெள்ளக்காரன்து. ருசி யாருதுண்ணா?" என்று கேட்டான்.

யுத்தம் முடிந்து லாரி வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு போனது. அவர் மாடுகளிடம் ஒவ்வொன்றாகப் போய் விடைபெற்றார். உன் அம்மாவிடம் வந்து கைகூப்பி, "அம்மா, மஞ்ச வேணாம்" என்றார். அதுதான் அவர் கடைசியாகச் சொன்னது. ஊர் போய்ச் சேர்ந்தாரா என்று தெரியாது. நாங்கள் செய்வதை நிறுத்தவில்லை. ஒவ்வொரு ஈட்டிலும் ஒரு நீலத் துணுக்கை எடுத்து அடுத்ததில் சேர்த்து வந்தோம். எங்கள் கைக்கு அது மேலும் மேலும் நன்றாக வந்தது என்று அடக்கமில்லாமலே சொல்கிறேன்.

உன் கல்யாணத்துக்காக மிக நல்ல ஈட்டைத் தேர்ந்து மலையிலிருந்து இறக்கி வைத்திருந்தேன். சம்பந்திக்கு வேறு எதைக் கொடுப்பது? காய்கறி அவருடைய வியாபாரம். நெல்லும் ராகியும் எல்லார் வீட்டிலும் உண்டு. இதுவோ எனக்குத் தெரிந்து இந்தச் சீமையில் நம் வீட்டில் மட்டும் இருப்பது. முதல் நாள் மாலை அவர் வந்து இறங்கினார். வாசற்படியிலேயே மூக்கைச் சுளித்தார்.

"ஏனுங்க சம்பந்தி, எலி கிலி செத்துக் கெடக்குதுங்களா?"

"எலி இல்லீங்க. பாலத் திரிச்சு நீலம் பூக்க வெச்ச எங்க வூட்டுக் கட்டி. நாளைக்குப் பந்தியில நீங்களே தின்னுப் பாப்பீங்க."

"பாலத் திரிச்சு, அதுல பூசணம் புடிக்க வெச்சு, கல்யாணப் பந்தியிலயா? எங்கூருல கேட்டாச் சிரிப்பாங்க சாமி."

"சிரிக்கட்டுமுங்க. வாயத் தொறந்தாத்தான ஊட்ட முடியும்."

பக்கத்தில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நீ மட்டும் சிரிக்கவில்லை. உன் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். பசி என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் ரயிலடியிலிருந்து திரும்பி வந்தால் கூடை இருந்த மூலையில் சாணம் மெழுகியிருந்தது. மாது என்னைப் பார்த்ததும் மாட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். குழியின் மேல் ஈரமண் கிடந்தது. அப்போது மேளம் தொடங்கிவிட்டது. நீ தாலி கட்டி முடிக்கும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. அட்சதையும் போட்டேன். அதை ஒரு பெரிய காரியமாக நான் சொல்லவில்லை. உன் மனைவியாக வருகிற பெண்ணின் நல்ல நாளில் சத்தம் போட எனக்கு உரிமை இல்லை, அவ்வளவுதான். மறுநாள் கேட்டபோது நீ சொன்னாய்: "நாலு பேரு முன்னால எனக்கு மானம் போவுதுப்பா." கட்டி பிடிக்காமல் போவது வேறு. யார் வேண்டுமானாலும் துப்பலாம். நீ ஒரு துண்டும் வாயில் வைக்காமல், அடுத்தவர் மூக்கை நம்பி, உன் அம்மாவின் உழைப்பைக் குழியில் தள்ளினாய். எனக்கு ஆறாதது அதுதான். நாளைக்கு நீ வியாபாரம் செய்யப் போகிறாய். தானே ருசி பார்க்காத பொருளை நல்லது என்றும் கெட்டது என்றும் பிறர் பேச்சைக் கேட்டுச் சொல்லப் பழகினால், உன் கடைக்கு வருகிறவனும் உன்னை அப்படியே எடைபோடுவான்.

நீ கேட்ட வாக்கை நான் கொடுக்க மாட்டேன். இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். யார் எதைச் செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் நீ வத்தல்மலைக்கு ஏற வேண்டும். புதைத்ததில் சடையன் பங்கும் இருந்தது. அதை நான் இன்னும் அவனிடம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். உன் வாயால் நீதான் சொல்ல வேண்டும். பொடவில் அவன் காத்துவருகிற இளங்கட்டிகள் இரண்டு இருக்கின்றன. அவன் மனம் வந்து ஒன்றைக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு இறங்கு. கொடுக்காவிட்டால் வாய் பேசாமல் இறங்கு. அடுத்து உன் அம்மாவின் முன் போய் நின்று, மெழுகிய மூலையை அவள் தினமும் எத்தனை தடவை பார்க்கிறாள் என்று நீயே பார். அவளிடம் எதுவும் சொல்லத் தேவையில்லை. அவள் கொடுப்பதைத் தின்னு. மாது உனக்குக் குழியை மூட உதவினான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்பதை அவனிடம் சொல்ல வேண்டியது நான். இன்று சொல்லிவிடுகிறேன். உன் மாமனார் ஒன்றும் செய்ய வேண்டாம். சம்பந்தம் பேச வந்தபோது கொடுத்த மரியாதையில் நான் ஒரு பிடி குறைக்க மாட்டேன். ஆனால் என் அடுப்பில் என்ன ஏற வேண்டும் என்பதை அவர் மாரண்டஹள்ளியிலிருந்து சொல்லக் கூடாது.

உன் மனைவியிடம் இதுவரை யாரும் எதையும் கேட்கவில்லை. அவள் பெயரைச் சொல்லி நீயும் பேசினாய், அவள் அப்பாவும் பேசினார். அவளை இங்கே அழைத்து வர வேண்டியது உன் வேலை. நிபந்தனை எதுவும் இல்லாமல் அழைத்து வா. சூடான களி செய்து, அதில் கட்டித் துண்டை வைத்துப் போட வேண்டியது உன் அம்மாவின் வேலை. உன் மனைவி தின்னும்போது நானும் நீயும் வெளியே மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருக்க வேண்டும். பக்கத்தில் நின்று முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. தின்றபின் அவள், "மாமா, இது எனக்கு ஆவாதுங்க, வூட்டுல வேணாம்" என்று தன் வாயால் சொன்னால், அன்றே சட்டியைக் கவிழ்த்து வைக்கிறேன். இந்த வீட்டில் இனி இருந்து வாழப்போகிறவள் அவள். அவள் சொன்னால் கேட்பேன். நீ சொன்னால் கேட்க மாட்டேன்.